சுத்தக்காரி நிமிர்த்திய பதிமூன்று பானைகள்

அவளைச் சுத்தக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பட்டம் சும்மா வரவில்லை. பதினெட்டு வருஷமாக அகழாய்வுக் குழிகளே கதியென்று கிடந்தவள். அவள் பிரஷ் பட்ட தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். அந்தச் சுத்தம்தான் கடைசியில் அவளை மாட்டிவிட்டது.

இந்தக் குழிக்குள் கிடைத்தது எழுநூறு வருஷத்துப் பானைப் பட்டறை. சூளைச் சுவர் நடுவில் பிளந்து கிழக்கே சாய்ந்திருந்தது. நிலம் ஆடியதா, பழசாகித் தானாகப் பிளந்ததா என்பதுதான் கேள்வி. பக்கத்து மனையில் ஐந்து மாடிக் குடியிருப்பு எழும்பப் போகிறது. இங்கே நிலநடுக்கம் வந்ததில்லை என்று அகழாய்வை நடத்தும் ஆபீசரம்மா எழுதிக் கொடுத்தால் சாதாரண அஸ்திவாரமே போதும். அந்தக் கையெழுத்துக்காகக் கட்டட இன்ஜினியர் காலையிலிருந்து குழி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது மாடியில் ஒரு வீடு, முன்பணம் கட்டிய சுத்தக்காரியின் மகளுக்கு ஒதுக்கியாகிவிட்டது.

ஆபீசரம்மா பேனாவைத் திறந்தார். சுவர் ஒன்றை மட்டும் வைத்து நடுக்கம் என்று சொல்ல முடியாது, நிலம் ஆடியிருந்தால் பக்கத்திலிருக்கும் பானைகளும் சாய்ந்திருக்கும், அவைதான் வரிசை கலையாமல் நிற்கின்றனவே என்றார்.

பானைகள் எங்கே நின்றன? சுத்தக்காரிதானே நிறுத்தினாள்!

மூன்று வாரத்துக்கு முன், தனியாக மண் விலக்கியபோது, வரைபடம் போடுகிறவர் வருவதற்குள், படத்துக்கு லட்சணமாக இருக்கட்டுமே என்று பதிமூன்றையும் நிமிர்த்திவிட்டாள். அடி உருண்டை என்பதால் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தன. கிடந்த பள்ளங்களில் சலித்த மணலை நிரப்பி, அதன்மேல் நிறுத்தி, தரைமண்ணைத் தூவிவிட்டாள். அளவெடுக்காத பொருளில் கை வைத்தவர் மறுபடி குழிக்குள் இறங்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் அந்தச் சட்டத்தை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள்! அந்த பயத்தில்தான் இத்தனை நாளும் வாயில் பூட்டு.

பேனா காகிதத்தைத் தொட்டது.

"மேடம், எழுதாதீங்க. அந்தப் பானையெல்லாம் விழுந்துதான் கெடந்துச்சு. நான்தான் நிமித்தி வச்சேன்."

ஆபீசரம்மா பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தார். இன்ஜினியர் சிரித்தேவிட்டார், மூன்று வாரம் ஊமையாக இருந்துவிட்டு இன்றைக்குக் கதை அளக்கிறாளா என்று கேட்டார்.

"எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு வாயால சொன்னா செல்லாதும்மா," என்றார் ஆபீசரம்மா.

"வாயால சொல்லல மேடம். காட்டுறேன்."

இறங்கினாள். முதல் பானையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பிரஷ்ஷால் தள்ளினாள். பள்ளம் சிதைந்திருந்தால் வேலையும் போச்சு, மானமும் போச்சு. சலித்த மணல் வெளுப்பு, பழைய தரை கறுப்பு. வெளுத்தது விலக விலக, கூரை விழுந்து அமுக்கியதில் பதிந்த பானை வயிறு அச்சு அசலாகத் தெரிந்தது. வாய் கிழக்கே. இரண்டாவதும் கிழக்கே. மூன்றாவதும். இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பதினோராவது மட்டும் குறுக்கே கிடந்தது. பிரஷ் அப்படியே நின்றது. பக்கத்துப் பானையில் இடித்துத் திரும்பியிருக்கிறது என்று ஆபீசரம்மாவே குனிந்து தடயத்தைக் காட்டினார். மற்ற பன்னிரண்டும் ஒரே பக்கம், பிளந்த சுவர் சாய்ந்த அதே பக்கம்.

தொடங்கிய காகிதத்தை ஒதுக்கிவிட்டு ஆபீசரம்மா புதுக் காகிதம் எடுத்தார். பானைகளை நகர்த்தியது யார் என்பதையும் அதிலேயே எழுதவேண்டியிருந்தது. எழுதும்போது அவர் சுத்தக்காரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவளை உடைந்த பானை ஓடு கழுவும் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஈரக் கையோடு இருந்தபோது மகள் போன் செய்தாள். கட்டட வேலையை நிறுத்திவிட்டார்களாம், அஸ்திவாரத்தை மாற்றி வீடு கொடுக்க இன்னும் ரெண்டு வருஷமாகுமாம். அழுகையும் ஆத்திரமுமாகப் பொரிந்து தள்ளினாள்.

"உங்க குழியில எவளோ வாயத் தொறந்திருக்காம்மா. யாருன்னு தெரிஞ்சா சொல்லு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேக்கணும்."

சுத்தக்காரி கழுவிய ஓட்டைத் தட்டில் வைத்தாள்.

"கேளு," என்றாள். "நான்தான்."