மோப்பக்காவுக்குக் கிடைத்த பதவி

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் மோப்பக்கா. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாய் வந்து இறங்கும் படுக்கை விரிப்புகள் வெளுத்து, உலர்ந்து, மடிப்பு மேஜைக்கு வந்ததும் அவள் முதலில் செய்வது ஒரு முனையை மூக்கருகே கொண்டுபோவதுதான். "சோப்பு போகலை, திருப்பி அனுப்பு" என்பாள். இயந்திரத்துக்காரர் சத்தியம் செய்வார். தண்ணீரில் முக்கினால் நுரை வரும்.

அந்த மூக்கு துணியோடு நின்றிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்திருக்கும். மாப்பிள்ளை கடை வைத்திருக்கிறார் என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான மறுநாள் போய்ப் பார்த்தால், யாருடைய செருப்புக் கடை வாசலிலோ ஒரு மேஜை. அதன் பின்னால் உட்கார்ந்து அவர் பைகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், இன்றுவரை கை ஓங்காதவர். ஆனாலும் மேஜை வேறு, கடை வேறு. அன்றிலிருந்து யாராவது சிரித்துக்கொண்டு வந்தால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடிந்ததில்லை.

அவள் சந்தேகப்படாத ஆள் ஒருத்திதான். அவளுடைய ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி. மடிப்பு மேஜையில் இருவரும் ஜோடி. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, ஒரு உதறு உதறி, பாதியாக மடித்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து முனைகளை ஒப்படைக்க வேண்டும். நடக்கும்போது ஒவ்வொருத்தியும் தன் பக்க ஓரத்தை மார்போடு அணைத்துப் பிடிப்பாள். முனைகளை ஒப்படைத்தவள் குனிந்து கீழ்மடிப்பை எடுப்பாள். எதிரே இருக்கிறவளின் கை எப்போது தளரும், எப்போது இறுகும் என்று தெரிந்தால்தான் விரிப்பு கோணாமல் மடியும். இந்த இருவர் மடித்தது ஒன்றுகூடக் கோணியதில்லை.

வீட்டிலும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான். ஒரே அறை, நடுவில் ஒரு திரை. சலவைக்கூடம் கழித்துப் போட்ட விரிப்புதான் அந்தத் திரை. இந்தப் பக்கம் மோப்பக்கா, அவள் கணவர், மகள். அந்தப் பக்கம் இளையவள் குடும்பம். ஒருவர் தும்மினால் மறுபக்கத்தில் விளக்கு எரியும். பக்கத்து அறை அடுத்த மாதக் கடைசியில் காலியாகப் போகிறது என்று வீட்டுக்காரம்மா சொன்ன நாளிலிருந்து, திரைக்குப் பதில் ஒரு சுவர் என்ற நினைப்பு மோப்பக்காவைத் தூங்கவிடவில்லை. வாடகைக்குத்தான் வழியில்லை.

அந்த நேரத்தில்தான் சட்டம் வந்தது. மாநிலம் முழுவதும் குறைந்தபட்சக் கூலியை உயர்த்திச் சட்டசபையில் நிறைவேற்றிவிட்டார்களாம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அமல்.

சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி கைபேசியை உயர்த்திப் பிடித்துக் காட்டினாள். "பாருங்க, அத்தனை பேரும் கை தூக்குறாங்க."

"அவங்க கை தூக்கினா நம்ம கை நிறைஞ்சிடுமா?" என்றாள் மோப்பக்கா.

"அக்கா, இது சட்டம். ஒன்றரை மடங்கு கூலி. குடுத்தே ஆகணும்."

"குடுக்கறவன் அழுதா நம்புவேன். நம்ம சார் மூஞ்சியைப் பாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி அறைக்குள் மேலாளர் யாரோடோ தொலைபேசியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். மாலையில் தேநீரோடு பிஸ்கட்டும் வந்தது. அந்தக் கூடத்தில் பிஸ்கட் வந்தது அதுதான் முதல் தடவை.

"எலி சும்மா அம்மணமா ஓடாது" என்றாள் மோப்பக்கா. பிஸ்கட்டை மோந்துவிட்டுத்தான் தின்றாள்.

இரண்டு நாள் கழித்து மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"இத்தனை வருஷமா உங்களை நான் கவனிக்காம விட்டது தப்பும்மா," என்றார். "உங்க மூக்கு இல்லேன்னா நம்ம பேரு கெட்டிருக்கும். முதல் தேதியிலிருந்து நீங்க மேற்பார்வையாளர். மாசச் சம்பளம். இப்ப வாங்கறதைவிடக் கொஞ்சம் கூடவே."

மேஜைமேல் ஒரு பேட்ஜை நகர்த்தினார். பித்தளை நிறம். 'மேற்பார்வையாளர்' என்று எழுதியிருந்தது.

"முதல் தேதி வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. வயித்தெரிச்சல் பிடிச்ச உலகம். முக்கியமா உங்க ஜோடிக்குத் தெரிய வேணாம். பாவம், மனசு ஒடிஞ்சு போகும்."

வேறு யாருக்காவது இப்படி நடந்ததென்று கேள்விப்பட்டிருந்தால் மோப்பக்கா அரை நொடியில் வாடையைக் கண்டுபிடித்திருப்பாள். ஆனால் வாழ்நாளில் ஒருவரும் அவள் மூக்கைப் பாராட்டியதில்லை; கேலிதான் செய்திருக்கிறார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பேட்ஜை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். அன்று மாலையே வீட்டுக்காரம்மாவிடம் போய், "அந்த ரூமை நான் எடுத்துக்கறேன், யாருக்கும் சொல்லாதீங்க" என்றாள்.

வீட்டுக்காரம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்க சின்னவளும் காலையில வந்து இதையேதான் கேட்டா. அவளும் யாருக்கும் சொல்லாதீங்கன்னா. என்னங்கடி, ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு கட்சியா?"

மோப்பக்காவுக்கு நெஞ்சில் யாரோ சாவி போட்டுத் திருகியது போலிருந்தது. எந்தக் காசை நம்பி அவள் அறை கேட்கிறாள்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? தான் சொல்லாதது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். பேட்ஜை வீட்டில் வைக்க முடியாது. திரைக்கு அந்தப்பக்கம் நான்கு கண்கள். தினமும் ரவிக்கையில் குத்தி, மேலே வேலை ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். இளையவளும் அந்த வாரம் ஆளே மாறிப்போயிருந்தாள். உடை மாற்றும்போது சுவரைப் பார்த்து நின்றாள். சாப்பிடும்போது பேசவில்லை. 'நம்ம பதவி எப்படியோ தெரிஞ்சுபோச்சு. பொறாமை' என்று நினைத்தாள் மோப்பக்கா. 'இல்லை, சாரிடம் கோள் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அதற்குத்தான் காசு' என்று மறுநாள் நினைத்தாள். மூன்றாம் நாள் இரண்டையும் சேர்த்து நினைத்தாள்.

கூடமே விசித்திரமாக இருந்தது. இஸ்திரி போடுகிறவள் மடிக்கிறவளிடம் வந்து, "ஓரம் பாத்து மடிம்மா" என்றாள். மடிக்கிறவள் போய் மூட்டை கட்டுகிறவளிடம், "முடிச்சு இறுக்கமா இருக்கட்டும்" என்றாள். தரை துடைக்கும் அண்ணனைக் கேட்கவே வேண்டாம். நாள் முழுக்க ஆளாளுக்கு அவரை ஏவினார்கள். "எனக்கு முதலாளி ஒருத்தரா, ஊரேவா?" என்று அவர் துடைப்பத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. விரிப்புகளில் இழை இழுத்திருக்கிறது, சின்னச் சின்ன ஓட்டைகள். மேலாளர் எல்லாப் பெண்களையும் வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லி நகம் பார்த்தார். யாருக்கும் நகம் இல்லை. சலவைச் சோடா தின்ற விரல்களில் நகம் எங்கே வளரும்?

மோப்பக்காவுக்குக் காரணம் தெரியும். அவள் பேட்ஜின் ஊசி மலிவு ஊசி. கொக்கியில் நிற்காமல் ஏப்ரனைத் துளைத்துக்கொண்டு நுனி நீட்டும். விரிப்பை மார்போடு அணைக்கும்போது இழை மாட்டுவதை அவளே உணர்ந்திருந்தாள். அன்று மதியம் ஒரு விரிப்பை மடித்து முடித்ததும் தன் பக்க ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை. தன்னுடையதுதான். மறைக்கலாம் என்று அவசரமாகச் சுருட்டும்போது எதிர்ப்பக்க ஓரம் கண்ணில் பட்டது.

அங்கேயும் ஒரு ஓட்டை. அதே அளவு.

அந்தப் பக்கத்தை அவள் மார்போடு அணைத்ததே இல்லை. அது எப்போதும் இளையவள் பிடிக்கும் பக்கம்.

அடுத்த விரிப்பை இருவரும் உதறினார்கள். மடித்து நடந்து நெருங்கினார்கள். முனைகளை ஒப்படைக்கும்போது மோப்பக்கா கையை விடவில்லை.

"என்னடி குத்தி வெச்சிருக்க உள்ள?"

"ஒண்ணுமில்லையே."

விலகினார்கள். உதறினார்கள். மறுபடி நெருங்கினார்கள்.

"ஒண்ணுமில்லாத இடத்துல ஓட்டை எப்படி விழும்?"

"நீங்க மட்டும் அக்கா? நாலு நாளா மார்ல கைய வெச்சுக்கிட்டே நடக்கறீங்க. நெஞ்சு வலியோன்னு நான் பயந்து கிடக்கறேன். கேட்டா எரிஞ்சு விழறீங்க."

மறுபடி விலகினார்கள். இந்த முறை இருவருக்கும் உதற வரவில்லை. விரிப்பு நடுவில் தரையில் தொய்ந்தது. பக்கத்து ஜோடி திரும்பிப் பார்த்தது. இளையவள் தன் முனைகளை இழுத்துக்கொண்டு தானே நடந்து வந்தாள்.

"சார் சத்தியம் வாங்கினார்க்கா. உங்களுக்குத் தெரிஞ்சா உங்க மனசு ஒடிஞ்சிடும்னாரு. முதல் தேதி சொல்லலாம்னுதான் இருந்தேன். ரூமைக்கூட உங்களுக்குத்தான் கேட்டேன். பொண்ணு பெரியவளாயிட்டா, திரைக்குப் பின்னாடி அவ எப்படிப் படிப்பா?"

ஏப்ரனை விலக்கிக் காட்டினாள். பித்தளை நிறம்.

மோப்பக்காவும் தன் ஏப்ரனை விலக்கினாள். இரண்டு மேற்பார்வையாளர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். அப்போதுதான் அவளுடைய மூக்கு, ஒரு வாரமாக அடைத்துக்கிடந்தது, சட்டென்று திறந்தது. ரெண்டு பேருக்குமே பேட்ஜ்னா, மத்தவங்களுக்கு?

தேநீர் நேரத்தில் அவள் தன் பேட்ஜைக் கழற்றி எல்லோர் நடுவிலும் மடிப்பு மேஜையில் வைத்தாள். இளையவள் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு இஸ்திரிக்காரி தன் பேட்ஜை எடுத்து வைத்தாள். மூட்டை கட்டுகிறவள் வைத்தாள். ஒவ்வொருத்தியாக, திருட்டு நகையைக் கழற்றுவது போல, தலையைக் குனிந்துகொண்டு வைத்தார்கள். ஒரு பெண்கூட மிச்சமில்லை.

"அப்ப வேலை செய்யறது யாரு?" என்றார் தரை துடைக்கும் அண்ணன். "இப்பத்தான் புரியுது, நான் ஏன் இப்படித் தேஞ்சு போனேன்னு."

சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது. மோப்பக்கா மெதுவாகச் சொன்னாள்:

"உசந்த கூலி தொழிலாளிக்குத்தானே. இங்க தொழிலாளியே இல்லேன்னு கணக்குக் காட்டப் போறாங்க. நேரம் காலம் இல்லாம மாசச் சம்பளத்துக்கு வாட்டி எடுக்கலாம். மூக்கைப் புகழ்ந்தே என் மூக்கை அறுத்துட்டான்டி."

மறுநாள் வேலை முடிந்ததும் இருவரும் தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா கனிவாகப் பேசினாள். அந்தக் கனிவே மோப்பக்காவுக்குப் பிடிக்கவில்லை. 'இவளுக்கும் பிஸ்கட் போயிருக்குமோ?'

"பேட்ஜ்ல என்ன எழுதியிருக்குன்னு சட்டம் பாக்காதும்மா," என்றாள் அதிகாரி. "நாள் முழுக்க உங்க கை என்ன செய்யுது, அதைச் சொல்லுங்க."

"மடிக்குது."

"உங்களுக்குக் கீழ யாராவது இருக்காங்களா?"

இளையவள் முந்திக்கொண்டாள். "ஒரு துடைப்பம் இருக்குங்க."

அதிகாரியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப நீங்க தொழிலாளிங்கதான். முதல் தேதிக்கு நானே வரேன்."

"வருவாளா?" என்றாள் இளையவள், படியிறங்கும்போது.

"வந்தாப் பாப்போம். வரலேன்னாலும் நாம விட்டுடப் போறதில்லை."

முதல் தேதி காலை. மேலாளர் கூடத்துக்குள் வந்து ஒவ்வொரு மார்பாகப் பார்த்தார். எங்கேயும் பேட்ஜ் இல்லை. எல்லாம் அவர் மேஜைமேல் ஒரு தலையணை உறையில் முடிந்து கிடந்தன.

"என்னம்மா இது? நம்பி ஒரு பொறுப்பு குடுத்தா இப்படியா?"

மோப்பக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"துணி கிழியுது சார். நகம் பாத்தீங்களே, அது நகம் இல்லை. நீங்க குடுத்த ஊசி."

அவர் வாய் திறப்பதற்குள் வாசலில் அதிகாரியம்மாவின் குரல் கேட்டது. கண்ணாடி அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே என்ன பேசினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வெளியே வந்தபோது மேலாளர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகத்தைப் பார்த்த பிறகுதான் மோப்பக்காவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அந்த மாதக் கடைசியில் உயர்ந்த கூலியே வந்தது. மற்றவர்கள் கும்மாளமிட, அவள் மட்டும் கூலி உறையை மோந்து பார்த்தாள். மேலாளர் அடுத்த மாதம் எந்த வழியில் வருவார் என்ற யோசனை அவள் நெற்றியில் அப்படியே இருந்தது.

அன்று மாலை வீட்டில் திரையைப் பாதி விலக்கிக்கொண்டு இளையவள் வந்து நின்றாள்.

"அக்கா, வீட்டுக்காரம்மாகிட்ட உங்க பேருக்கு ரூமைச் சொல்லிட்டேன். நாங்க இங்கயே இருக்கோம். வாடகையில பாதி எங்களுது."

மோப்பக்காவின் கண்கள் பொங்கிவிட்டன. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, பழக்கம் விடுமா, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்குடி இவ்வளவு நல்லவளா இருக்க? என்ன விஷயம்?"

"விஷயம் இருக்கு" என்றாள் இளையவள், திரையின் இரண்டு முனைகளைக் கொக்கியிலிருந்து அவிழ்த்து அவளிடம் நீட்டியபடி. "உங்க வீட்டுக்காரர் குறட்டை. பிடிங்க, மடிச்சு வெச்சிடலாம்."