சந்தைக்காரி கட்டிய நூல்

என் மகள் அந்த மணியை விழுங்கினாளா, இல்லை அது பஸ்ஸில் எங்காவது விழுந்ததா? இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்குத் தெரியாது.

2014இல் நாங்கள் பாரிஸிலிருந்து பெரு நாட்டுக்குப் போனோம். கணவர் வேலை செய்த உணவகச் சமையலறையில் அந்நாட்டவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கற்ற கொஞ்ச ஸ்பானிய மொழியும் ஆளுக்கொரு முதுகுப்பையும்தான் துணை. மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். பாரிஸின் புறநகரான பியர்ஃபித்தில் இருக்கும் அம்மா, "பாரிஸ் குளிர் காணாதெண்டோ பிள்ளை மலைக்குப் போறியள்?" என்று மட்டும் கேட்டார். நான் காய்ச்சல் மருந்தோடு இரண்டு வெப்பமானிகளையும் எடுத்துவைத்தேன்.

குஸ்கோவிலிருந்து தித்திகாகா ஏரிக்குப் போகும் வழியில், அந்தீஸ் மலையில் ஒரு சிற்றூரில் இறங்கினோம். அன்று சந்தை நாள். கறுப்பு, ஊதா, மஞ்சள் என்று உருளைக்கிழங்குகளைத் துணிகளில் குவித்திருந்தார்கள். பனியில் உறையவைத்து உலர்த்திய கிழங்கு கூழாங்கல் போலக் கிடந்தது. அதை விற்ற வயதான பெண், மகளின் கன்னத்திலிருந்த கறுப்புப் பொட்டை அழுக்கென்று நினைத்துத் துடைக்கப் பார்த்தார். கண்ணூறு படாமலிருக்க வைத்தது என்று கணவர் தெரிந்த சொற்களில் விளக்கினார். அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒரு சிவப்பு நூலை எடுத்து மகளின் மணிக்கட்டில் கட்டினார். அதில் பாதி சிவப்பும் பாதி கறுப்புமான இரண்டு விதை மணிகள். அங்கும் குழந்தைகளுக்குக் கண்ணூறு படாமல் அதைத்தான் கட்டுவார்களாம். காசு வாங்க மறுத்துவிட்டார்.

எனக்குக் குன்றிமணி நினைவுக்கு வந்தது. அது நஞ்சு என்று படித்திருக்கிறேன். இது அதைவிடப் பெரிது, வேறு விதையாகவும் இருக்கலாம். உடனே அவிழ்த்திருக்கலாம். ஆனால் பெரியவர்கள் பிள்ளைக்குக் கட்டியதை அவர்கள் கண்முன் கழற்றக் கூடாது என்று வளர்ந்தவள் நான். கோயில் நூலைக்கூட அது தானாக அறும்வரை விட்டுவைப்போம். பஸ்ஸில் ஏறியதும் கழற்றலாம் என்று நினைத்தேன்.

ஏறியதும் அவள் மடியில் தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை. நானும் கண்ணயர்ந்திருக்க வேண்டும். விழித்தபோது அவள் நூலைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஒரு மணிதான் இருந்தது.

வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கணவர் இருக்கைகளுக்கு அடியில் தேடினார்.

"பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லட்டோ?"

"வேண்டாமப்பா, ஆக்களுக்குக் கரைச்சல்," என்றேன்.

"பிள்ளையைவிட ஆக்களோ உமக்குப் பெரிசு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. வெளியே புல்வெளிதான், நிறுத்தி என்ன பயன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஊர் வர இரண்டு மணி நேரம் ஆனது. அங்கிருந்த மருத்துவர் மீதி மணியை உருட்டிப் பார்த்தார். முழுதாக விழுங்கியிருந்தால் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்திருந்தால்தான் சிக்கல், இரண்டு நாள் கவனியுங்கள் என்றார். மகளுக்கு அப்போது ஆறு பற்கள். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஒவ்வொரு நாப்பியையும் குச்சியால் கிளறிப் பார்த்தேன். மணி வரவில்லை. வாந்தியும் இல்லை, வயிற்றோட்டமும் இல்லை. மூன்றாம் நாள் சூப்பிலிருந்த கிழங்கை அவளே அள்ளித் தின்றாள். பயணத்தைத் தொடர்ந்தோம். பிறகு போன சந்தைகளில் எல்லாம், யாரும் நூல் கட்டிவிடாதபடி அவளுக்குக் கையுறை போட்டே வைத்திருந்தேன்.

இப்போது மகனுக்கு ஒரு வயது. பாரிஸில் லாசப்பல் பகுதியின் தமிழ்க் கடைகளில் பழகிய அக்காமார் அன்பாக அவன் கையில் முறுக்கோ கச்சான் கடலையோ வைத்துவிடுகிறார்கள். நான் சிரித்து நன்றி சொல்லி, வாசலைத் தாண்டிய பிறகே பறிக்கிறேன். போன கிழமை அவன் முந்திவிட்டான். வாய்க்குள் போன கச்சானை விரல் விட்டு எடுத்தேன். கடைக்குள் இருந்தவருக்கு அது தெரியாது.

தருபவரின் முகம் வாடாமல், அவர் முன்னாலேயே மறுப்பது எப்படி? சின்னப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அந்த நேரத்தில் என்ன சொல்வீர்கள்? நீங்கள் சொல்லும் வார்த்தைகளை அப்படியே எனக்கு எழுதுங்கள்.