பூஜை அறைக் கல்லில் ஊற்றிய ஆசிட்

கோபம் வந்தால் எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. வாய் மட்டும் ஜோராக வேலை செய்யும். மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டைப் புதுப்பித்தபோது அந்த வாய் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பூஜை அறைத் தரைக்கென்று, ஏதோ ஒரு கல் கடையில் மிஞ்சிக் கிடந்த சிவப்புச் சுண்ணாம்புக் கற்களை என் கணவர் வாங்கி வந்தார். ஸ்வீடன் கல்லாம். ஊரே கிரானைட் போடும்போது இதென்ன கூத்து என்று கேட்டேன். "எல்லார் வீட்டுலயும் இருக்கறது நமக்கு எதுக்கு?" என்றார். வேலையை எடுத்திருந்த மேஸ்திரியின் மாப்பிள்ளைதான் கல் பதிக்க வந்தார். மேற்கு மாம்பலத்துக்காரர், வீட்டில் உருது பேசுகிறவர். பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

பதித்து, மெஷின் போட்டுத் தேய்த்த அன்று பார்க்கிறேன், விளக்கு வைக்கும் இடத்துக்கு நேர் எதிரே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வளையம். ஹோமத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

"என்ன பாய் இது? மெஷின் ஆயிலைக் கொட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. தேய்க்கத் தேய்க்க உள்ளேர்ந்து வருது. கல்லுலயே கீது."

"அதெப்படி, கல்லுக்குள்ள கறை வரும்? ஆசிட் போட்டுக் கழுவுங்க, போயிடும்."

"சுண்ணாம்புக் கல்லும்மா இது. ஆசிட் ஊத்தினா பொங்கிடும், வேணாம்."

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பாத்ரூம் கழுவ வைத்திருந்த ஆசிட்டை நானே எடுத்து வந்து ஊற்றினேன். கல் சோடா மாதிரி நுரைத்தது. விட்டேனா? பாட்டில் காலியாகும்வரை ஊற்றினேன். நுரை அடங்கியபோது கறை இருந்த இடத்தில் பள்ளம்; பள்ளத்தின் அடியில் மாவு மாதிரிக் கொஞ்சம் கறுப்புப் பொடி. பாய் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஆயிலா இருந்தா இப்படிப் பொடியா நிக்குமாம்மா?"

ஒரு பக்கெட் தண்ணீரை வீசித் துடைப்பத்தால் தள்ளிவிட்டேன். பிறகு மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "உங்க மாப்பிள்ளை ஆயிலைக் கொட்டிக் கல்லையே நாசம் பண்ணிட்டார்" என்றேன். ஆசிட் ஊற்றியது யார் என்று மூச்சு விடவில்லை. மறுநாள் வேறு ஆள் வந்து வேறு கல் பதித்துவிட்டுப் போனார்.

ஒரு வருடம் கழித்து தி. நகரில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது போனில் ஒரு கட்டுரை வந்தது. மேலே ஒரு படம். சிவப்புக் கல், நடுவில் கறுப்பு, சுற்றிச் சாம்பல் வளையம். ஐயோ, இது என் பூஜை அறைக் கல் அல்லவா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஸ்வீடனில் தரைக்கல் வெட்டும் குவாரியில் கிடைத்த விண்கல்லாம் அது. நாற்பது கோடி வருடங்களுக்கும் முன்னால், செவ்வாய், வியாழன் கிரகங்களுக்கு நடுவே பெரிய விண்பாறை ஒன்று இன்னொன்றோடு மோதி உடைந்திருக்கிறது. அதன் துண்டுகள் பூமியின் கடலில் விழுந்து, சேற்றில் புதைந்து, சேற்றோடு சேர்ந்து கல்லாகிவிட்டன. அந்த மோதலில் கிளம்பிய தூசி வெயிலை மறைத்துப் பூமியையே குளிர வைத்திருக்கலாம் என்கிறார்கள். அப்போது விழுந்தவற்றில் ஒன்று இன்று விழுகிற எந்த விண்கல்லோடும் ஒத்துப்போகவில்லையாம். குவாரிக்காரர்கள் இப்படிப்பட்ட கற்களைக் கறை பிடித்தவை என்று வெகுகாலம் ஒதுக்கியே போட்டிருக்கிறார்கள்.

அதுவரை ஆச்சரியம்தான். அடுத்த பத்தியை இரண்டு முறை படித்தேன். விஞ்ஞானிகளும் அந்தச் சுண்ணாம்புக் கல்லை ஆசிட்டில்தான் கரைக்கிறார்களாம். கரையாமல் அடியில் நிற்கும் கறுப்புத் துணுக்குகள்தான் வானத்திலிருந்து வந்ததற்கு அத்தாட்சியாம். அடிப்பாவி! அதைத்தானே நான் துடைப்பத்தால் சாக்கடைக்குத் தள்ளினேன்! என் கல்லில் இருந்ததும் அதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது ஆயில் இல்லை. அந்த மனிதர் சொன்னது சத்தியம்.

பல்லைக் காட்டாமலே எழுந்து வந்தேன். எங்கள் வாட்ச்மேனிடம் பாயின் நம்பர் இருந்தது. போன் செய்து இடம் கேட்டுக்கொண்டு நேரே போனேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டில் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார், தனியாக. அன்றிலிருந்து மாமனார் அவரை எந்த வேலைக்கும் கூப்பிடுவதில்லையாம். பெருநாளுக்குக்கூட மனைவி மட்டும்தான் பிறந்த வீட்டுக்குப் போய்வந்தாராம். ஒரு போன் செய்ததை நான் அன்று ராத்திரியே மறந்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டுக் கட்டுரைப் படத்தைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வானத்துலேர்ந்து வந்ததோ எங்கேர்ந்து வந்ததோ, இருக்கட்டும்மா. நான் ஆயில் கொட்டலைன்னு மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அங்கேயே மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டேன். பாயும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ஆசிட் ஊற்றியது நான்தான், பழி போட்டதும் நான்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மேஸ்திரி சொன்னார்.

"அவன் அன்னிக்கே எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னாம்மா. குர்ஆன் மேல சத்தியம் பண்றேன்னான். நான்தான், அவ்ளோ பெரிய வீட்டு அம்மா எதுக்குடா பொய் சொல்லப் போறாங்கன்னு கேட்டு அனுப்பிட்டேன்."

பாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அடுத்த டைலை எடுத்தார்.