இருபது வருடத்து மஸ்காராவும் சின்னமனூர் மதினியும்

என் இமையில் மயிர் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். பிறவியிலேயே குட்டை, அதிலும் செம்பட்டை. தேனியில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் நிற்கிறேன். இருபது வருடமாக ஒரே மஸ்காராதான். பஜாரில் ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும். முகூர்த்த நாளில் இரண்டு முழம் மல்லிகை வாங்குகிற காசு.

குணம் நிறைய உண்டு. கண் அரிக்காது. இமையைக் கம்பி மாதிரி விறைக்க வைக்காது. வெறும் தண்ணீரிலேயே போய்விடும், தேய்த்துத் தேய்த்து இருக்கிற நாலு மயிரையும் உதிர்க்க வேண்டியதில்லை. குறையும் உண்டு. மூன்றாம் மாதமே இறுகிவிடும். வெந்நீர் டம்ளரில் நிறுத்தி இளக்க வேண்டும். பிரஷ் குண்டு, மூக்கோரம் ஒரு தீற்றல் நிச்சயம். பெரிய குறை, நனைந்தால் ஒழுகும். ஆனிச் சாரலில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்குள் நுழைவதற்குள் கன்னத்தில் இரண்டு கோடு விழுந்திருக்கும். நான் வேறு சினிமாவுக்கும் அழுவேன், யார் கல்யாணத்திலும் தாலி கட்டும்போது அழுவேன். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண வீடியோவைப் போட்டாலும் கறுப்புக் கோட்டோடு நிற்பவள் நான்தான்.

சின்னமனூரில் இருந்த என் கணவரின் சித்திக்கு அதைப் பார்த்தால் ஒரே சிரிப்பு. "ஏத்தா, மறுபடியும் ஒழுகிருச்சா? இங்கன வா" என்று முந்தானையால் துடைத்துவிடுவார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். புகுந்த வீட்டில் என்னைக் கேலி செய்தும் நோகாமல் பார்த்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவர்மேல் எனக்கு உயிர்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போன வருடம், "இன்னுமா அந்தக் கருமத்தைப் போடுற?" என்று விலை கூடிய வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா ஒன்றை அனுப்பினாள். அதை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன அன்றைக்குத்தான், மத்தியானம், அத்தை தவறிவிட்டதாகப் போன் வந்தது. கடையில் கட்டியிருந்த சேலையோடு அப்படியே பஸ் ஏறினேன்.

துட்டி வீட்டுக்குள் நுழைகிற பெண், அங்கிருக்கும் பெண்களைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு வழக்கமெல்லாம் தேவைப்படவில்லை. அத்தையின் மகள் தோளில் விழுந்து ஓவென்று அழுதேன். என்னைவிட மூத்தவர், மதினி என்று கூப்பிடுவேன். நிமிர்ந்ததும் அவர் என் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னார்:

"சினிமாவுக்கே மை ஒழுக அழுவாக. எங்காத்தாளுக்கு ஒரு பொட்டு மை கலையலையே, பாத்தியா?"

அத்தை ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும்போது, 'இது தண்ணி படாத மை, மதினி' என்று விளக்கம் சொல்ல முடியுமா? துட்டி வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. நேராகத் தேனிக்குத் திரும்பினேன். அத்தையை நான் நேசித்ததே பொய் என்று ஆகிவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. காலையில் பழைய மஸ்காராவை எடுத்து, வழக்கத்தைவிடத் தடிப்பாகப் போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வேண்டுமென்றேதான் போட்டேன். எல்லோர் முன்னாலும் ஒழுகட்டும் என்று. போட்டு முடித்துக் கண்ணாடியைப் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அத்தைக்கு அழ ஒத்திகையா? குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு, வெறும் கண்ணோடு கிளம்பிப் போனேன்.

வாசலில் மதினி நின்றிருந்தார். மூஞ்சியைத் திருப்பப் போனவர், என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நான் மையில்லாமல் நின்றதே கிடையாது.

"ஏ ஆத்தா! அழுது அழுது எமை மசுரெல்லாம் கொட்டிப்போச்சே!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். "கண்ண இப்படியா கெடுத்துக்கிருவ? போனவுக போய்ட்டாக. நான் இல்லையா ஒனக்கு?"

பிறவியே இப்படித்தான் மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. இரண்டு பேரும் நடுவாசலில் நின்று அழுதோம்.

இன்றுவரை நான் சொல்லவில்லை. கடைக்குப் போனால் பழைய மஸ்காராதான். சின்னமனூருக்கு மட்டும் அதுவும் கிடையாது. போனதும் மதினி என்னை உட்காரவைத்து, விளக்கெண்ணெயை விரல் நுனியில் தொட்டு என் இமையில் பதமாகத் தடவுகிறார். "லேசா மொளைக்குதுத்தா" என்கிறார்.

"ஆமா மதினி" என்று கண்ணை மூடிக்கொள்கிறேன்.