அக்காவின் கடுதாசிப் பிறந்தநாள்

எங்கள் அக்காவுக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று அம்மா பெற்ற நாள், மற்றது ஆபீசில் எழுதிய நாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான். பிள்ளை பிறந்த கையோடு ஓடிப்போய்ப் பதிய யாருக்கு நேரம் இருந்தது? மழை விட்டு, அப்பாவுக்கு ஒரு நாள் லீவு கிடைத்து, அவர் போய் நின்றபோது எழுதுகிறவர் எந்தத் தேதியைப் போட்டாரோ அதுதான் தேதி. அக்கா பிறந்தது தைப்பொங்கல் அன்று. அவளுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருப்பது ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள். அந்தக் கடுதாசியை வைத்துத்தான் இவ்வளவும் நடந்தது.

போன மாதம் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து வான் வண்டி பிடித்துக் கண்டிக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்திக்குப் பதினாறு வயதாம், அதற்குக் கொண்டாட்டமாம். ஆம்பளைகள் ஒருவரும் வரக்கூடாதாம். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். குளக்கரையில் படம், பேராதனைப் பூந்தோட்டத்தில் படம், ஹந்தானை மலையில் காற்றுக்குத் தலைமுடி பறக்கப் படம். இடத்தைப் பார்த்ததைவிட போனைப் பார்த்ததுதான் அதிகம். திரும்பி வரும்போது ஒருத்தி, "ஒங்க காலத்துல இப்படியெல்லாம் ஏது அம்மாச்சி, பாவம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஏன் இல்லாமல்? பொம்பளைகளாகவே பிறந்தநாள் பயணம் போவதை இந்தப் பக்கத்தில் தொடக்கி வைத்ததே நாங்கள்தான். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஞாபகத்தில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. மடுல்கெல்லவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடான லயத்தில் இருந்தோம். அக்கா பஸ் ஏறிப் போய்ப் படித்தாள். எங்கள் லயத்திலிருந்து பத்தாம் வகுப்பு வரை போன முதல் பெண் அவள். டிசம்பரில் பெரிய பரீட்சை. விளக்கில் மண்ணெண்ணெய் தீரும் வரை உட்கார்ந்து படிப்பாள்.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கண்டி டவுனில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டுக்கு வந்தால் கதிரையை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவாள். அந்த வருசம் அவள் அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். "படிச்சு என்ன, கவர்மெண்டுக் கச்சேரியில உத்தியோகமா பாக்கப் போறா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா தன் அக்காவை எதிர்த்து ஒரு நாளும் பேசியதில்லை. அம்மாவோ அத்தைக்கு முன்னால் "சரிங்க அண்ணி" என்பதைத் தவிர வேறு வார்த்தையே தெரியாதவள் மாதிரி இருப்பாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு நிபந்தனை வைத்தாளாம். ஆம்பளைகள் வந்தால் அது பெண் பார்த்ததாகிவிடும், சரிவராவிட்டால் ஊர் பேசும். ஆகையால் பொம்பளைகள் மட்டும் பேராதனைப் பூந்தோட்டத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது போல் சந்திக்கவேண்டும். அக்காவிடம் உண்மையைச் சொன்னால் வரமாட்டாள். அதற்கும் அத்தை வழி வைத்திருந்தாள். ஜாதகம் கணிக்க என்று வாங்கிப் போன கடுதாசியில் ஆகஸ்ட் மாதத் தேதியைப் பார்த்திருக்கிறாள். "புள்ளைக்குப் பொறந்தநாள் வருது, பொம்பளைங்க நாலு பேரும் போய் நல்லா சுத்திப் பாத்துட்டு கேக் வெட்டிட்டு வருவோம்" என்று வந்து நின்றாள்.

அக்கா பிறந்த வருசம் அத்தை எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தாள். அதனால் பொங்கல் பிறப்பு அவளுக்குத் தெரியாது. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

"சரிங்க அண்ணி" என்றாள் அம்மா.

இதெல்லாம் பின்னாளில் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது கேக் என்று ஒரு சாமான் வரப்போகிறது என்பது மட்டும்தான்.

பயணத்துக்கு முதல் நாள் அத்தை ஒரு பட்டுச்சேலை கொடுத்துவிட்டாள். அதைப் பார்த்ததுமே அக்காவுக்கு விளங்கிவிட்டது. பிறந்தநாளுக்கு யார் பட்டுச்சேலை கொடுத்துவிடுவார்கள்? காலையில் அதைக் கட்டிக்கொண்டு, பூமிசாத்திரப் பாடப் புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பன்வில வந்ததும் வெளியே பார்த்துக்கொண்டே, "அம்மா, பரீட்சைக்கு நாலு மாசந்தான் இருக்கு" என்றாள்.

"தெரியும்" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

எனக்கு வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டு தரம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியாகிவிட்டது. அம்மா என் மூக்கருகில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, மறக்கடிப்பதற்காக ஒரு கதை சொன்னாள். அக்கா பிறந்த கதை.

"விடியக்காலையில வாசல்ல பொங்கப் பானை வச்சாச்சு. நான் உள்ள வலியில கத்துறேன். ஒங்கப்பா வெளிய 'பொங்கலோ பொங்கல்'னு கத்துறாரு. மருத்துவச்சி ஓடிவந்தவ, உள்ள வாறதா வெளிய போறதான்னு தெரியாம வாசப்படியிலயே நிக்கிறா. பானை பொங்கி அடுப்பு அணைஞ்ச நேரம் ஒங்கக்கா பொறந்துட்டா. அதனாலதான் பொங்கலுக்கு அவளுக்கு மட்டும் ரெண்டு அகப்பை கூட வைக்கிறது."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, குமட்டலும் போய்விட்டது. வத்தேகம தாண்டியதும், "எங்க, இப்ப நீ சொல்லு பாப்போம்" என்றாள் அம்மா. சொன்னேன். அடுப்பு அணைந்ததை விட்டுவிட்டேன் என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். கண்டி போய்ச் சேருவதற்குள் எனக்கு மனப்பாடம்.

பஸ் ஸ்டாண்டில் அத்தை ஒரு கையில் குடையும் மறு கையில் கேக் பெட்டியுமாக நின்றாள். அக்காவை மேலும் கீழும் பார்த்து, இடுப்பிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். குளத்தில் மீன் பார்க்கவேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். "கொளம் எங்கயும் ஓடிப்போகாது, வாங்க வாங்க" என்று பேராதனை பஸ்ஸில் தள்ளி ஏற்றினாள்.

பூந்தோட்டம் எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அவ்வளவு பெரிய தோட்டத்தில் மலையும் இல்லை, ஒரு தேயிலைச் செடியும் இல்லை. "இங்க கொழுந்து எடுக்குற ஆளுங்க எல்லாம் எங்க அத்தை?" என்று கேட்டேன். "இது சும்மா பாக்குற தோட்டம்டி" என்றாள். பார்ப்பதற்கென்றே ஒரு தோட்டம் வைத்திருப்பார்கள் என்பதை நான் நம்பவில்லை. மேலே மரங்களில் கறுப்புக் குடைகளை மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒரு குடை சிறகை விரித்துப் பறந்தபோதுதான் வௌவால் என்று தெரிந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டேன்.

ஒரு மரம் இருந்தது. ஒரு லயத்தையே தூக்கி அதன் கீழே வைத்துவிடலாம், அவ்வளவு பெரிசு. அதன் நிழலில் சேலைத்துணி விரித்து உட்கார்ந்தோம். அத்தை கேக் பெட்டியைத் திறக்காமல் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேக் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு தடித்த அம்மாவும் அவளுடைய மகளும் நடந்து வந்தார்கள்.

"அட! நீங்களா! என்னங்க இது, எதிர்பாக்கவே இல்லியே!" என்று அத்தை எழுந்து கையைத் தட்டினாள்.

"அத்தை, இவங்களுக்காகத்தானே இம்புட்டு நேரமா வழியப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று நான் கேட்டேன். அத்தை என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குப் புதுமையாக இருந்தது. அந்த மகள், "வாங்க, அந்த மூங்கில் வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று அக்காவைக் கூட்டிப்போனாள். அம்மாக்காரி பின்னால் நின்று அக்காவின் நடையைப் பார்த்தாள். திரும்பி வந்ததும், முடி நிஜமா சவுரியா என்று பின்னலைத் தொட்டுப் பார்த்தாள்.

"புள்ள ரொம்பப் படிக்குமோ?" என்று கேட்டாள்.

"சும்மா, பொழுதுபோக்குக்கு" என்றாள் அத்தை.

"டிசம்பர்ல பரீட்சை" என்றாள் அக்கா.

அத்தை பெரிதாகச் சிரித்து அதை மூடிவிட்டுக் கேக்கைத் திறந்தாள். ரோஸ் நிற ஐசிங், நடுவில் ஒரு பூ. அக்கா கத்தியை வைத்தாள். பிறந்தநாள் பாட்டு எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அத்தை மட்டும் தனியாக இங்கிலீசில் ஒரு வரி பாடிப் பாதியில் நிறுத்தினாள். பிறகு அந்த அம்மா அக்காவுக்கு ஊட்டினாள். மகள் ஊட்டினாள். அத்தை ஊட்டினாள். நடுவிலிருந்த பூவும் அக்கா வாய்க்குள்ளேயே போயிற்று. அக்கா விழுங்கமுடியாமல் கண் கலங்க நிற்கிறாள். எனக்கு ஒரு துண்டு கொடுப்பார் இல்லை.

அந்த அம்மா தன் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம். தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு இல்லை என்று சொல்ல எந்தப் பெண்வீட்டாருக்கும் வாய் வராது. அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொருத்தம் ஒம்பது இருக்குன்னு சாத்திரியார் சொன்னாரு. இன்னைக்குப் பொறந்தநாளும் அதுவுமா நல்ல நேரந்தான்" என்று அந்த அம்மா சரத்தைத் தூக்கினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பொங்கலுக்கு இரண்டு அகப்பை கூட வாங்கித் தின்றவளுக்கு இப்போது கேக்கும் வேண்டுமா?

"இன்னைக்கு ஒன்னும் அக்காவுக்குப் பொறந்தநாள் இல்ல! அது பொங்கலுக்கே முடிஞ்சுபோச்சு! அம்மா உள்ள கத்துச்சு, அப்பா வெளிய கத்துச்சு, மருத்துவச்சி வாசப்படியில நின்னா, பானை பொங்கி அடுப்பு அணைஞ்சுபோச்சு!"

ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டேன். பூச்சரம் அந்தரத்திலேயே நின்றது.

"என்ன சொல்லுது இந்தப் புள்ள?"

"ஒளறுதுங்க. பஸ்ஸுல வாந்தி எடுத்துச்சு, அதுதான்" என்றாள் அத்தை.

அந்த அம்மா என் அம்மாவிடம் திரும்பினாள். "பெத்தவங்க நீங்க சொல்லுங்க."

அம்மா புல்லிலிருந்து பார்வையைத் தூக்கினாள். பிறகு மெதுவாக, "சின்னப் புள்ளைங்க பொய் சொல்லாதுங்க" என்றாள்.

"ஐயோ, கடுதாசியில இருக்கேங்க!" அத்தை பையைக் கொட்டினாள். பூமிசாத்திரப் புத்தகம் முதலில் விழுந்தது, அப்புறம் கடுதாசி.

"சாத்திரியார்கிட்ட குடுத்தது இந்தத் தேதியா?"

"ஆமாங்க."

"அப்ப எம் மவனுக்கு ஒம்பது பொருத்தம் யாரோட இருக்கு?"

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் பதில் கிடையாது. ஆகஸ்டில் பிறந்த அந்தப் பெண் கடுதாசிக்குள் மட்டும்தான் இருந்தாள்.

"சரி, இருக்கட்டும். பொங்கலன்னைக்கு என்ன நட்சத்திரம்?" என்றாள் அந்த அம்மா. விடுகிற மாதிரி இல்லை. அக்காவை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "ஆயில்யமுங்க."

ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். அந்த அம்மா இரண்டு எட்டுப் பின்னால் வைத்தாள். பூச்சரம் இலைக்குள் போயிற்று, இலை பைக்குள் போயிற்று. தனக்கென்று வெட்டி வைத்த கேக் துண்டைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்துவிட்டாள். மகள் அதையும் சேர்த்துச் சாப்பிட்டாள். "வெயில் ஏறுது, கடையில ஆள் இல்ல, நாங்க போயிட்டு வாறோம்" என்று இருவரும் வந்ததைவிட வேகமாக நடந்தார்கள்.

"ஆயில்யமுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி?" என்று அத்தை அம்மாவிடம் கத்தினாள்.

"நீங்க கேக்கவே இல்லியே அண்ணி. கடுதாசியத்தானே கேட்டீங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுத் திரும்பி என் முதுகில் ஒரு அடி போட்டாள். மரத்திலிருந்த வௌவால்கள் கலைகிற மாதிரிச் சத்தம். வலிதான் கொஞ்சமும் இல்லை. ஆனாலும் ஊர் கேட்க அழுதேன்.

அத்தை குடையை விரித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். அக்கா புல்லில் உட்கார்ந்து மிச்சக் கேக்கில் பெரிய துண்டாக இரண்டு சாப்பிட்டாள். அவர்கள் ஊட்டியதைத் தவிர காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பிறகு எனக்கும் வெட்டித் தந்தாள். அப்புறம் குளத்தில் மீனும் பார்த்தோம்.

அக்கா பரீட்சையில் பாஸாகி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். அவளுக்குக் கல்யாணம் பேசும்போது நான் பாவாடை தாவணி போட்ட பெண். மாப்பிள்ளை வீட்டார் நட்சத்திரம் கேட்டார்கள். அம்மா, "பொங்கலன்னைக்குப் பொறந்தவ. பூசமுங்க" என்றாள்.

அவர்கள் போனபிறகு நான் அம்மாவை விடவில்லை. "அன்னைக்குப் பூந்தோட்டத்துல ஆயில்யமுன்னுதானே சொன்ன?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நட்சத்திரந்தானே. போய் அடுப்பப் பாரு" என்றாள்.

ஆனால் இது பல வருசம் கழித்து. அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் பிறந்தநாளை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு நிச்சயம். அக்கா புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வத்தேகம தாண்டியதும் அம்மா சட்டென்று முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கிக் குலுங்கி எழும்பின. அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு அவளும் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள், அவள் தோளும் குலுங்கியது. இரண்டு பேரும் என்னால்தானே இப்படி அழுகிறார்கள் என்று நினைத்து, மடுல்கெல்ல வந்து சேரும் வரை நானும் அவர்களோடு சேர்ந்து அழுதுகொண்டே வந்தேன்.