மூன்று கோட்டுப் போர்வை

வேன் டிரைவருக்கு அக்கா மேல் பதினோரு வருஷக் கோபம். அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லியும் அவள் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது நெஞ்சுக்குள் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

மலையிலிருந்து இறங்கி, நகரத்து ஓரத்தில் நாற்பது வீடாகக் கிடக்கிற சனம் அவர்கள். செத்தவர்களுக்குப் போர்த்துகிற துணியில் கரியால் மூன்று கோடு போடுவார்கள். நடுக்கோட்டில் ஒரு விரல் அகலம் இடம் விடணும். உயிர் அந்த வழியாகத்தான் போகும். போடுகிற ஆளைத் தவிர மற்ற எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளணும். உற்றுப் பார்த்தால் ஆகாது.

அந்தக் கோடு ஒரு நாள் கடைக் கண்ணாடிக்குள் கட்டில் போர்வையில் தொங்கியது. உறை மேல் ‘பூர்வகுடி அழகு’ என்று எழுத்து வேறு. கைக்குழந்தைக்குச் சுற்றுகிற அளவிலும் விற்றார்கள். சனம் ஆடிப்போனது.

போர்வை அச்சடிக்கிற ஃபேக்டரியில் அவர்களில் வேலை பார்த்தது அக்கா ஒருத்திதான். விற்றது அவள்தான் என்று கூட்டம் கூடினார்கள். அப்பா சாவன்றைக்கு எவனோ போட்டோ எடுத்துப் போனான் என்று சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. வேலையை விடு என்றார்கள். மாட்டேன் என்றாள். தள்ளிவைக்கலாமா என்று கேட்டதும் முதலில் தூக்கிய கை தம்பியுடையது. தள்ளிவைக்கப்பட்டவர்கள் செத்தால் கோடு கிடையாது.

இப்போது அவளோடு வேலை பார்க்கிறவள் போன் செய்து, நுரையீரல் போச்சு, ரெண்டு நாள் தாங்கினால் பெரிசு என்றாள். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

ஒற்றை அறை. கட்டிலில் அக்கா. இடுப்பு வரை அதே போர்வை. டிரைவர் சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சாகப் போறப்பவும் இதத்தான் போத்தியிருக்கியா?”

“உன் ஓட்டை வேன் சத்தம் தெருமுனையிலயே கேட்டுச்சு,” என்றாள். மூச்சு இழுத்தது. “திரும்பிப் பாருடா.”

“பாக்கக் கூடாது.”

“பாக்கலாம். இது நம்ம கோடு இல்ல.”

மெல்லத் திரும்பினார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அதை உற்றுப் பார்த்தார். மூன்று கோடு. நடுக்கோடு விடாமல் ஓடியது. இடமே இல்லை.

அவள் விட்டு விட்டுச் சொன்னாள். துணியில் மை இறக்குகிற அச்சுச் சட்டத்தைச் சரிபார்க்கிற மேசை அவளுடையது. முதல் நாளே, நடுக்கோட்டு இடைவெளியில் மை இறங்காமல் அடைத்திருந்த பூச்சை ஊசியால் சுரண்டித் திறந்துவிட்டாள், மை புகுந்து கோடு ஒட்டிக்கொள்ளட்டும் என்று. புதுச் சட்டம் வந்தபோதெல்லாம் அதையே செய்தாள். அவள் விலகியிருந்தால் அடுத்து வருகிறவள் இடம் விட்டுச் சரியாக அடித்திருப்பாள்.

“கூட்டத்துல சொல்லியிருக்கலாமே அக்கா.”

“நாப்பது வீட்டுக்குத் தெரிஞ்சா ஃபேக்டரிக்குத் தெரிய எத்தன நாளு? நீங்கதான் ஒருத்தரும் பாக்க மாட்டீங்களே.” சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது.

டிரைவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவள் கை அவர் வலது கையைத் தேடிப் பிடித்தது.

“இந்தக் கைதான தூக்கின? யாரு தடுத்தாலும் எனக்கு இதாலயே போடு. நடுவுல இடம் விட்டுடு, தம்பி.”