லிஃப்ட்டுக்காரர் வாங்காமல் விட்டவை

எங்கள் மேல்மாடி அண்ணன் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஆட்களோடு ஏறி இறங்கினாலும் "எத்தனாவது மாடி?" என்பதைத் தாண்டி யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று நானே கேலி செய்திருக்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான்.

வாய்தான் சும்மா இருக்கும், கை இருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தள்ளுவண்டியில் எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவார். விளக்கு எரியும் சாவிக்கொத்து, சுவரில் ஒட்டாத ஒட்டுக்கொக்கி, இப்படி ஏதாவது. வீட்டுக்கு வந்ததும் நேராக மகள் அறைக் கதவைத் தட்டுவார்.

"இது எதுக்குன்னு சொல்லு பாப்போம்."

ஒருநாள் ஒரு ரப்பர் குழாய். "சைக்கிள் ஹேண்டில்பாருக்கு உறையாப்பா?" என்றாள்.

"இல்ல. பூண்ட உள்ள போட்டு உருட்டினா தோல் கழண்டுடுமாம்."

"நம்ம வீட்ல யாருப்பா பூண்டு உரிக்கிறாங்க?"

அந்தச் சிரிப்பு கீழே எனக்குக் கேட்கும். பிறகு நாற்காலி இழுபடும். அலுவலகத்துச் சண்டை, மேலதிகாரியின் அழும்பு எல்லாம் அவள் அதற்கப்புறம்தான் கொட்டுவாள். அவர் 'ம்' கொட்டுவார்.

அவருக்குக் கடைவாய்ப் பல் எல்லாம் சொத்தை. ஒரு பக்கமாகவே மென்று மென்று கன்னம் கோணிவிட்டது. பல் வைத்தியத்துக்கு என்று எடுத்து வைத்தது எதுவும் கையில் தங்கவில்லை. ஒருநாள் என் முன்னாலேயே மகள் சொன்னாள்: "இந்தக் குப்பையெல்லாம் வாங்கறத நிறுத்துங்கப்பா. சின்னச் சின்னதாத்தான் எல்லாம் போகுது. முதல்ல பல்லப் பாருங்க." அக்கறையில் சொன்னதுதான். அவள் மேல் நான் குறை சொல்லமாட்டேன்.

மனிதர் பிடித்தால் பிடித்ததுதான். மறுநாளிலிருந்து தள்ளுவண்டி கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தார். சில மாதங்களில் பல்லும் கட்டிக்கொண்டார். பல் வந்தது, இருந்த கொஞ்சம் பேச்சும் போனது. வருவார், கை கால் கழுவுவார், டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். மேலே நாற்காலி இழுபடும் சத்தமே நின்றுபோயிற்று.

அந்த வருஷம் அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மூன்று வருட ஒப்பந்தம். "போகட்டுமாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். "உன் இஷ்டம்மா" என்றிருக்கிறார். என்னிடம் வந்து, "அவ போகவேண்டாம்மா" என்று மாடிப்படியில் நின்று அழுதார்.

"அத அவகிட்ட போய்ச் சொல்லித் தொலைங்களேன் அண்ணே!" என்று கத்தினேன். தலையாட்டிவிட்டுப் போனார். அவள் விமானம் ஏறிவிட்டாள்.

மூன்று வருடமும் அவள் அறையைப் பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்றி வைத்துக் காத்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்; நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, நான் இங்கயே இருந்துடலாம்னு இருக்கேன். வீடுகூடப் பாத்துட்டேன்."

"சரிம்மா."



"இப்பவும் சரிதானாப்பா? கிளம்பறதுக்கு முன்னாடி தினமும் சாயங்காலம் கதவத் தொறந்தே வெச்சிருந்தேன். நீங்க வந்து உக்காந்து, போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்னு இருந்தேன். நீங்க வரவே இல்ல. என்னை வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இருக்கறது ரெண்டே ரூம். எட்டிப் பாக்க முடியலியா அண்ணே உங்களுக்கு?"

"தினமும் கதவு வரைக்கும் போனேன்மா," என்றார். "கையில ஒண்ணும் இல்ல. உள்ள போய் என்னன்னு சொல்றது?"